மாயக் கதைகளும் நம் வீட்டுச் சிறுமிகளும்

மாயக் கதை என்றாலே முகஞ் சுளிப்பது பகுத்தறிவுக் கொள்கையினர்க்குரிய முதற் கடமை என்று நாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். மந்திரக் கோல், பறக்கும் பாய், பேசும் கிளி, கூடு விட்டுக் கூடு பாய்தல் முதலியனவெல்லாம் நம் மக்களைப் பூசாரிக்கும் சோதிடனுக்கும் அடிமையாக்க விரிக்கப்பட்ட வலை என்பதே நமது துணிபு. அத்துணிபில் இன்றும் பாதிக்கு மேல் உண்மை இருப்பதாகவே கருதுகிறோம். எஞ்சிய பாகத்தில் நாம் செய்த பிழையொன்று உண்டு. அது கொள்கைப் பிழையாக மட்டும் இருந்திருப்பின் வாயை மூடிக் கொண்டிருப்போம். ஒரு பெண்ணின் வாழ்வோடு அது பிணைந்து கிடப்பதால், 82ஆம் வயதில் அதனை நேயர்கள் முன் வைக்கத் துணிந்தோம்.

நாம் குடியிருப்பது சிங்கப்பூரின் மேற்குப் பகுதியிலுள்ள புக்கிட் பாத்தோக். 'புக்கிட்' என்றால் மலாயில் குன்று. 'பாத்தோக்' என்பதற்குப் பொருள் கூறுவார் பலர். ஜாவா மொழியில் அது தேங்காயைச் சுட்டும் என்பார் சிலர். மலாயில் அச்சொல் இருமலைக் குறிப்பதாகலின், கருங்கல் உடைக்க வெடி வைக்குந்தோறும் குன்று இருமிற்று, அதனால் வந்த பெயர் என்பார் வேறு சிலர். நம் பேத்திக்கு இரண்டாவது பொருளே உகந்தது. குன்று இருமுமாயின் அதன் வயிற்றில் ஏதோ ஒன்று குடியிருத்தல் வேண்டுமன்றோ என்பது அவள் வாதம். கல்லுடைத்து ஓய்ந்த பள்ளமொன்றில் நீர் நிறைந்து, நடுவே செங்குத்தான பாறைகள் நிற்க, சீனத்துக் குவெய்லின் மலைகளை நினைவூட்டுவதால் 'சின்னக் குவெய்லின்' என்று பெயர் பெற்ற இடம் நம் வீட்டிலிருந்து நடந்து செல்லுந் தொலைவில் உள்ளது. அந்நீரில் அவள் ஒரு நாகத்தைக் குடியேற்றி இரண்டாண்டாயிற்று.

வேறொரு குன்றில் நீண்ட படிக்கட்டொன்று உண்டு. 1942இல் ஜப்பானியர், போரில் மாண்ட தம் வீரர்களுக்கு நினைவுச் சின்னம் எழுப்பியபோது, சிறைப்பட்ட ஆங்கிலேய, ஆஸ்திரேலியப் போர்வீரர்களைக் கொண்டு அமைத்த படிகள் அவை. சின்னம் அழிந்தது, படிகள் நிற்கின்றன. உச்சியில் இருப்பது ஒலிபரப்புக் கோபுரம். ஆயினும் ஒரு சிறுமி அதனைக் கோபுரமென்று விட்டுவிடுவாளா? அடைத்த வாயிலுக்கு அப்பால் அவள் இராச்சியம் தொடங்குகிறது. கைதிகளின் வரலாற்றை ஒருநாள் எடுத்துரைத்தோம். சிறிது நேரம் பேசாதிருந்து, "அப்ப அவங்களையும் உள்ள வர விட்ரலாம் தாத்தா" என்றாள். நாம் மறுமொழி கூறவில்லை.

அவளுக்கு வயது 11. அவள் படிப்பனவெல்லாம் ஆங்கில மாயாஜால நாவல்கள். 1998இல் வெஸ்ட் மால் கட்டடத்தில் திறக்கப்பட்ட பொது நூலகத்திலிருந்து பை நிறைய அள்ளி வருவாள். ஒவ்வொன்றும் செங்கல் கனம். அட்டைதோறும் ஒரு சிறுமி. கையில் கோலோ வாளோ விளக்கோ. இவற்றைக் கண்ட மாத்திரத்தில் நமக்குப் பழைய சினம் மூண்டது. நம் மக்கள் மாரியம்மனுக்கு வேப்பிலை அடித்த காலத்திலிருந்து மீள முக்கால் நூற்றாண்டு பாடுபட்டோமே, வெள்ளைக்காரன் வேப்பிலையை வழுவழுப்பான அட்டை போட்டு விற்க, நம் பேத்தி அதை வாங்கி வருகிறாளே என்று உள்ளம் குமைந்தது. மகளிடம் முறையிட்டோம். அவள் ஒரு கணம் நம்மை உற்று நோக்கி, "படிக்கட்டும்ப்பா, விடுங்க" என்று மட்டும் கூறி அகன்றாள். அவள் சிறுமியாயிருந்தபோது அம்புலிமாமாவைக் கூட நாம் வீட்டில் அனுமதித்ததில்லை.

நிற்க. ஒருநாள் மாலை, சமையற்கட்டில் பேத்தி சூப்புத் தட்டொன்றைக் கவிழ்த்து வைத்து, பள்ளிக்கூட அளவுகோலால் அதன் குறுக்களவை அளந்து கொண்டிருந்தாள். காரணம் வினவினோம். டெரி பிராட்செட் என்னும் ஆங்கில ஆசிரியர் 2003இல் வெளியிட்ட 'த வீ ஃபிரீ மென்' என்ற நாவலின் கதையைச் சொன்னாள். அதன் நாயகி டிஃபனி, ஒன்பது வயதுச் சிறுமி, ஆடு மேய்க்கும் குடியிற் பிறந்தவள். ஆற்றிலிருந்து ஒரு பூதம் தலை நீட்டுகிறது. அவள் அலறவில்லை. வீட்டிற்குச் சென்று பழைய கதைப் புத்தகத்தைப் புரட்டுகிறாள். பூதத்தின் கண்கள் சூப்புத் தட்டளவு பெரியவை என்று அதில் எழுதியிருக்கிறது. அவள் உடனே தட்டொன்றை எடுத்து அளக்கிறாள், 8 அங்குலம். பிறகு வாணலியைத் தூக்கிக் கொண்டு ஆற்றுக்குத் திரும்பிப் போய் பூதத்தின் முகத்தில் ஓங்கி அறைகிறாள். நம் வீட்டுத் தட்டு 23 சென்டிமீட்டர் இருந்தது. புத்தகத்துத் தட்டோ 20 சென்டிமீட்டரைச் சற்றே தாண்டும். "நம்ம வீட்டுப் பேய் பெருசு தாத்தா" என்று பேத்தி தீர்ப்பளித்தாள்.

நேயர்களே, நாம் திகைத்து நின்றோம். எழுதியிருப்பதை நம்பாதே, அளந்து பார் என்று மேடை மேடையாக முழங்கினவர்களுள் நாமும் ஒருவர். அம்முழக்கத்தைக் கேட்டு ஒரு சிறுமியாவது தட்டை அளந்ததாக நாம் கண்டதில்லை. மாயக் கதையொன்று அளக்க வைத்துவிட்டதே!

அந்நூலை வாங்கி, அகராதியின் துணை கொண்டு, மூன்று வாரத்தில் படித்து முடித்தோம். அக்கதையில் வேறொரு செய்தியும் உண்டு. பல் போன கிழவி ஒருத்தி தனியே வாழ்கிறாள். பார்ப்பதற்குச் சூனியக்காரி போலிருக்கிறாள் என்பதொன்றே அவள் செய்த குற்றம். பிரபுவின் மகன் காணாமற் போனதும் ஊரார் அவளை வீட்டை விட்டு விரட்டுகின்றனர். அவள் பனியில் மடிகிறாள். இனி இப்படி ஒன்று நடவாதிருக்கத் தானே சூனியக்காரி ஆவது என்று அச்சிறுமி முடிவு செய்கிறாள். இது கற்பனை தானே என்று தள்ளுவதற்கில்லை. இந்தியாவில் 'சூனியக்காரி' என்று பட்டஞ் சூட்டிப் பெண்களைக் கொடுமை செய்வதைத் தடுக்கப் பீகாரில் 1999இலும் ஜார்க்கண்டில் 2001இலும் தனிச் சட்டங்கள் செய்ய வேண்டியிருந்தது. அச்சிறுமியின் முடிவு நமது கொள்கைக்கு எவ்வகையில் மாறானது? நமக்கு விளங்கவில்லை.

அது முதல் நாமும் தேடிப் படிக்கலானோம். எல்லாம் உயர்ந்தவை என்று சொல்ல மாட்டோம். ஏழு பாகம், ஒன்பது பாகம் என்று இழுத்து விற்கும் வாணிபமும் இதில் மிகுதி. சில நூல்களில் நாயகிக்கு மந்திரம் கைவந்ததும் அதனால் அவள் பெறும் பயன் நல்ல உடையும் ஓர் இளவரசனுமே. 1997இல் தொடங்கி உலகெங்கும் விற்ற ஹாரி பாட்டர் நூல்களில், படித்து ஆராய்ந்து வழி கண்டுபிடிப்பவள் ஹெர்மயனி என்னும் பெண். நூலின் பெயரோ பையனுடையது. பேத்தியிடம் இதைக் கூறினோம். அவள் தலையசைத்த விதம், இது கூடவா இத்தனை நாள் தெரியாது என்பது போலிருந்தது.

ஆனால் இம்மரபின் வேரைத் தோண்டிப் பார்க்கின் வியப்பான செய்திகள் கிடைக்கின்றன. டாரதி என்னும் சிறுமி சூறாவளியில் பறந்து சென்று ஓஸ் நாட்டை அடையும் கதையை அமெரிக்கராகிய ஃபிராங்க் பாம் 1900இல் வெளியிட்டார். அந்நாட்டை ஆட்டிப் படைக்கும் மாபெரும் மந்திரவாதி யார்? டாரதியின் நாய்க்குட்டி ஒரு மறைப்பைத் தள்ளிவிட, பின்னால் நிற்பவன் சாதாரணக் கிழவன். எல்லாம் பொறியும் பொய்யும்! கோயில் திரைக்குப் பின்னால் நடப்பதை இதைவிடத் தெளிவாக எந்தச் சீர்திருத்தக்காரர் சொல்லிவிட்டார்? பாமின் மாமியார் மெடில்டா கேஜ் என்பவர், பெண்களின் வாக்குரிமைக்காகப் போராடியவர். மதத்தின் பெயரால் பெண்களைச் சூனியக்காரிகளென்று எரித்த கொடுமையை 1893இல் ஒரு நூலில் விரித்தெழுதியவர். மருமகனைக் கதை எழுதுமாறு ஊக்கியவரும் அவரே. 1904இல் வந்த இரண்டாவது நூலில் பெண்கள் பின்னலூசியைப் படைக்கலமாக ஏந்தி நகரைக் கைப்பற்றுகின்றனர். சிறுவனாக உருமாற்றப்பட்டு வளர்ந்த ஒருவன், உண்மையில் அந்நாட்டு இளவரசி என்பது முடிவில் வெளியாகிறது.

அமெரிக்காவை விடுவோம். நம் சென்னையிலேயே, கமலா சத்தியநாதன் அம்மையார் நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்' என்னும் ஆங்கில இதழில், 1905இல், 'சுல்தானாவின் கனவு' என்றொரு கதை வெளிவந்தது. எழுதியவர் வங்காளத்து ரொக்கையா அம்மையார்; அப்போது அவருக்கு வயது 25 கூட நிறையவில்லை. நாற்காலியிற் சாய்ந்து கண்ணயர்ந்த ஒரு பெண், மகளிர் ஆளும் நாட்டில் விழிக்கிறாள். அங்கே ஆடவர் திரைக்குள் அடங்கியிருக்கின்றனர். பெண்களின் கல்லூரிகள் மேகத்திலிருந்து நீரை இறக்குகின்றன, கதிரவனின் வெப்பத்தைச் சேர்த்து வைக்கின்றன. படையெடுத்து வந்த பகைவரை அவ்வெப்பத்தைப் பாய்ச்சியே ஓட்டி விடுகின்றனர். மந்திரமில்லை, எல்லாம் கல்வி. எனினும் கதையின் களிப்பு மாயக் கதையின் களிப்பே.

ரொக்கையா அம்மையாரைப் பற்றி அறிந்த செய்திகளுள் ஒன்று நம்மைப் பல இரவுகள் உறங்க விடவில்லை. அவர் வீட்டில் பெண்கள் வங்காளமும் ஆங்கிலமும் கற்பதற்குத் தடை இருந்தது. வீடு உறங்கிய பின், அவருக்கு மறைவாகக் கற்பித்தவர் அவருடைய தமையனார்.

நாமும் ஒரு தங்கைக்குத் தமையனே.

ஜொகூரில் ஓர் இரப்பர்த் தோட்டத்தில் நாம் பிறந்தோம். தந்தையும் தாயும் பால்வெட்டுத் தொழிலாளர். விடியுமுன் பெரட்டுக்குப் போய், மரத்துக்கு மரம் ஓடி, பால் எடுத்து, ஒட்டுப்பால் பொறுக்கித் திரும்பி, மாலையானால் லயத்து வாசலில் உட்காருவர். தங்கை தோட்டத்துத் தமிழ்ப் பள்ளியில் ஆறாண்டு படித்தாள். அந்த லயத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த பெண் அவள் ஒருத்தியே. ஆதலின் இரவுதோறும் மண்ணெண்ணெய் விளக்கடியில் அவளைச் சூழ்ந்து பத்துப் பன்னிரண்டு பெண்கள் கூடுவர். அவள் இராகம் போட்டுப் படிப்பாள். படித்தது 'பெரிய எழுத்து அல்லியரசாணி மாலை'.

பெரிய எழுத்துப் புத்தகங்களை இக்கால இளைஞர் அறியமாட்டார். சென்னையில் இரத்தின நாயகர் போன்றோர் அச்சிட்டுக் கப்பலேற்றியவை. மலிவான தாள், கட்டை கட்டையான எழுத்து. கண் மங்கியவரும் எழுத்துக் கூட்டுவோரும் மங்கலான விளக்கிற் படிப்பதற்கு ஏற்றவை. பட்டணத்துக் கடையில் வெற்றிலைக்கும் சூடத்துக்கும் பக்கத்தில் தொங்கும். அல்லியரசாணி மாலை புகழேந்திப் புலவர் பெயரால் வழங்குவது. நளவெண்பாப் பாடிய புகழேந்தி அதனைப் பாடியிரார் என்பது அறிஞர் முடிபு. பாடியவர் யாராயினும், அவர் படைத்த சிறுமியைப் பாருங்கள். அல்லிப் பூவில் கிடைத்த குழந்தை என்று பாண்டியன் வளர்த்த மகள் அல்லி. தந்தையின் நாட்டைக் கவர்ந்த நீன்முகனைத் தானே வென்று மதுரையில் அரியணை ஏறுகிறாள். அமைச்சர் பெண்கள், காவலர் பெண்கள், படையும் பெண்கள். ஆணின் முகத்தில் விழிப்பதில்லை. வீட்டில் மனைவி சொல் செல்லுமாயின் 'அல்லி ராஜ்யம்' என்று நம் ஆடவர் இன்றும் எள்ளுவது இவளை வைத்தே. லயத்துப் பெண்கள் எள்ளவில்லை. அல்லி கொலுவீற்றிருக்கும் பகுதியைத் திரும்பப் படி, திரும்பப் படி என்று கேட்பார்கள். கங்காணி முன் தலை நிமிராதவர்கள் அவர்கள்.

பிறகு கதையில் மாயம் நுழைகிறது. அல்லியின் மேல் ஆசை கொண்ட அர்ச்சுனனுக்குக் கண்ணன் துணை வருகிறான். கண்ணன் பாம்பாட்டியாகிறான், அர்ச்சுனன் பாம்பாகிறான். பாம்பின் ஆட்டத்தில் மகிழ்ந்த அல்லி அதனைத் தன் அறைக்குக் கொண்டு போகிறாள். இரவில் அவள் உறங்குகையில் பாம்பு ஆணாகி அவள் கழுத்தில் தாலியைக் கட்டிவிடுகிறது. இந்த இடம் வந்ததும் லயத்து வாசலில் ஒருவரும் பேச மாட்டார்கள். யாரேனும் ஒருத்தி எழுந்து விளக்கைத் தூண்டுவாள். மற்றொருத்தி, "முதல்லேருந்து படி தாயி" என்பாள்.

நாம் இவற்றைக் கண்டோம், ஆனால் பார்க்கவில்லை. நமக்கு வயது 18. பட்டணத்தில் ஒரு படிப்பகத்திற் சேர்ந்து, சீர்திருத்தக் கூட்டங்களுக்குச் சென்று, புராணங்களின் ஆபாசத்தை விரலில் எண்ணிச் சொல்லக் கற்றிருந்தோம். 1961ஆம் ஆண்டு. ஒருநாள் மாலை, கண்ணன் லீலை பாடும் குப்பை நம் வீட்டில் கிடப்பதா என்று வெகுண்டு, தங்கையின் கையிலிருந்த அல்லியரசாணி மாலையைப் பிடுங்கி அடுப்பில் வைத்தோம். அவளுக்கு வயது 15. ஒரு சொல் சொல்லவில்லை. நெருப்பு நன்றாகப் பிடித்துக் கொண்டதும், உலைப் பானையை நகர்த்தி அதன் மேல் வைத்தாள். விறகு மிச்சம் என்று எண்ணினாள் போலும். அன்று நாம் உண்டது அச்சோறே. மறுநாள் படிப்பகத்தில் நண்பர்களிடம் இதனைப் பெருமையோடு கூறிக் கொண்டோம்.

நான்கு திங்கள் கழித்து அவளுக்குத் திருமணம். தந்தை மாப்பிள்ளை பார்த்தார். ஐயரில்லை, சாதகமில்லை, ஓமப் புகையில்லை. அந்தத் தோட்டத்தின் முதற் சீர்திருத்தத் திருமணம் அது. ஏற்பாடெல்லாம் நாமே செய்தோம். உறுதிமொழியை நாமே எழுதினோம். பெண் விடுதலையைப் பற்றி அரைமணி நேரம் பேசினோம், கைதட்டல் பெரிதாயிருந்தது. மணமகளுக்கு இத்திருமணத்தில் விருப்பமுண்டா என்று தந்தை கேட்கவில்லை, தாய் கேட்கவில்லை. மேடையில் நின்று பெண்ணுரிமை பேசிய தமையனும் கேட்கவில்லை. நாம் எழுதிக் கொடுத்த தாளை அவள் படித்தாள். எழுத்துப் பிழையின்றி அழகாகப் படித்தாள் என்று நண்பர்கள் பாராட்டினர். பட்டணத்துப் பள்ளிக்குச் சென்று மேலே படித்து ஆசிரியை ஆக வேண்டுமென்று அவள் தாயிடம் கேட்டிருந்தாள் என்பது நமக்குப் பல்லாண்டு கழித்தே தெரிய வந்தது.

அதே 1961இல் சிங்கப்பூரில் பெண்கள் சாசனம் சட்டமாயிற்று. மலேசியாவில் முஸ்லிமல்லாதார் திருமணச் சீர்திருத்தச் சட்டம் 1976இல் இயற்றப்பட்டு 1982இல் தான் நடைமுறைக்கு வந்தது. சட்டங்கள் வரட்டும், போகட்டும். ஒரு வீட்டிற்குள் ஒரு கேள்வி கேட்பதற்குச் சட்டம் வேண்டியதில்லையே.

தங்கையின் கணவர் கெட்டவரல்லர். உழைப்பாளி, பத்தாண்டுக்கு முன் காலமானார். தங்கை இப்போது ஜொகூர் பாருவில் மகனோடு வாழ்கிறாள். திங்களுக்கொருமுறை சனிக்கிழமையில் கடற்பாலம் கடந்து புக்கிட் பாத்தோக்குக்கு வருவாள். சென்ற ஆண்டு அவள் வந்திருந்த ஒருநாள், பேத்தி சின்னப் பாட்டியின் அருகில் அமர்ந்து தான் படித்துக் கொண்டிருந்த நாவலின் கதையைச் சொல்லத் தொடங்கினாள். அது 2018இல் வெளிவந்த 'ஆரு ஷா அண்ட் தி எண்ட் ஆஃப் டைம்'. ஆசிரியர் ரோஷனி சோக்ஷி, இந்தியத் தந்தையைக் கொண்ட அமெரிக்கப் பெண்மணி. ஆரு ஷா 12 வயதுச் சிறுமி. அட்லாண்டா நகரில் தாயார் பணி புரியும் அருங்காட்சியகத்தில் வாழ்கிறாள். பள்ளித் தோழியரிடம் வாய் கூசாமல் பொய் சொல்பவள். அவர்கள் சவால் விட, ஏற்றக் கூடாத விளக்கொன்றை ஏற்றி உலகுக்கே இடர் வருவித்து விடுகிறாள். அப்போது தான் தெரிகிறது, பாண்டவர் ஐவரின் உயிரும் இக்காலத்தில் சிறுமியராய்ப் பிறந்திருக்கின்றன என்பது. ஆரு ஷாவினுள் இருப்பது அர்ச்சுனனின் உயிர்.

"அர்ச்சுனன் பொம்பளப் புள்ளையா பொறந்துட்டாரு பாட்டி!" என்றாள் பேத்தி.

நம் தங்கை சிரித்தாள். அடுத்த அறையிலிருந்த நாம் எழுந்து வந்து பார்க்குமளவுக்குச் சிரித்தாள். "நல்லா வேணும் அவனுக்கு" என்றாள். நாவலாசிரியர் அதனைத் தண்டனையாகக் கருதி எழுதவில்லை. சிறுமியின் பெருமையாகவே எழுதியிருக்கிறார். மறுபிறவியில் நமக்கு நம்பிக்கையும் இல்லை. ஆயினும் அத்தீர்ப்பை மறுக்க அப்போது நமக்கு வாய் வரவில்லை.

ஏன் பாட்டி அப்படிச் சொல்கிறீர்கள் என்று குழந்தை கேட்டது. தங்கை கண்ணை மூடிக் கொண்டு பாடத் தொடங்கினாள். அல்லியரசாணி மாலை. அதே இராகம். அச்சுப் பிரதியைத் தீயிலிட்டு 60 ஆண்டுக்கு மேலாகியும் ஓரடி தவறவில்லை. கொலுவீற்றிருக்கும் பகுதி வந்ததும் குழந்தை, "திரும்பப் பாடுங்க பாட்டி" என்றது. யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

அன்று மாலை அவளைப் பேருந்துக்கு அழைத்துச் செல்கையில், அடுக்குமாடியின் கீழ்த்தளத்தில் நின்று, நாம் செய்ததை ஒருவாறு வாய்விட்டுச் சொன்னோம். அவள் பையைத் தோள் மாற்றிக் கொண்டாள். "புத்தகம் போனா என்னண்ணே, அது எனக்கு மனப்பாடம். நீங்க எழுதிக் குடுத்தீங்களே உறுதிமொழி, அதுதான் ஒரு வரி ஞாபகமில்ல" என்றாள். அதற்கு மேல் அவளும் பேசவில்லை, நாமும் பேசவில்லை.

மறுவாரம் சிராங்கூன் சாலைக் கடைகளில் பெரிய எழுத்து அல்லியரசாணி மாலையைத் தேடி அலைந்தோம். கிடைக்கவில்லை. தங்கைக்கும் அது வேண்டியிருக்கவில்லை. வேண்டியிருந்தவள் பேத்தி. ஒரு பள்ளிக்கூட நோட்டுப் புத்தகத்தை எடுத்து, பாட்டி பாடப்பாட எழுதத் தொடங்கினாள். அவளுக்குத் தமிழெழுத்து அவ்வளவு விரைவாக வராது. லகர ளகரம் தடுமாறும். ஆகவே ஒரு சனிக்கிழமைக்கு இரண்டு மூன்று பக்கமே நகரும். திருத்துவதற்கு நாம் முதலில் சிவப்பு மையோடு போய் உட்கார்ந்தோம். பின்னர் பேனாவை மூடி வைத்துவிட்டு உட்காரக் கற்றுக் கொண்டோம்.

சென்ற திங்கள் பாம்பு அறைக்குள் வந்து சேர்ந்தது. பேத்தி எழுதுகோலை வைத்துவிட்டாள்.

"அத்தனை பொம்பளைங்க காவலுக்கு இருக்காங்களே பாட்டி, எல்லாருமா தூங்கிட்டாங்க?"

"கதையில அப்படித்தாம்மா இருக்கு."

"அல்லிகிட்ட ஒரு வாணலி கூட இல்லையா?"

தங்கைக்கு வாணலியின் கதை தெரியாது. நாம் விளக்கினோம். பூதத்தின் கண்ணை அளந்த சிறுமியைப் பற்றிக் கேட்டதும் அவள் வெகுநேரம் சாளரத்துக்கு வெளியே குன்றைப் பார்த்துக் கொண்டிருந்தாள்.

"இப்ப நீங்கதானே பாடுறீங்க," என்றாள் பேத்தி. "நீங்க அவளை எழுப்பி விடலாம்ல?"

கடற்பாலத்தில் நெரிசல் கூடுமுன் புறப்பட வேண்டுமென்று தங்கை எழுந்தாள். செருப்பை மாட்டிக் கொண்டே, "வர்ற மாசம் பாப்போம்" என்றாள். நோட்டுப் புத்தகம் நம் மேசையில் இருக்கிறது. அடுத்த பக்கத்திற்கு எண் மட்டும் போட்டு வைத்திருக்கிறாள் பேத்தி.